சந்திரோதயாவின் முன்வரிசைப் பெண்

டோர்ச்சை அணைத்தேன்.

பழைய கட்டடம் ஒன்றை அளக்கப் போனால் நான் முதலில் செய்கிற வேலை அதுதான். கண்ணைக் கொஞ்ச நேரம் இருட்டில் பழகவிட்டால், கூரையில் எங்கே ஓட்டை, சுவரில் எங்கே வெடிப்பு என்று வெளிச்சமே ஊசி ஊசியாக உள்ளே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வாவிக்கரை ரோட்டில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. உள்ளே, சந்திரோதயா தியேட்டரின் மேடையில், நான் மட்டும். வெளவால் எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது. கிழிந்து தொங்கிய திரைத்துணி தோளை உரசிக்கொண்டிருந்தது.

அப்போது யாரோ மூச்சு இழுத்தார்கள்.

எனக்குப் பின்னால். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில். நெஞ்சில் சளி கட்டியவர்கள் இழுக்கும்போது முடிவில் ஒரு மெல்லிய விசில் வருமே, அந்த மாதிரி. பிறகு ஓர் இடைவெளி. இவ்வளவு நேரம் ஒரு மனிதன் மூச்சை அடக்கமாட்டான் என்று நான் நினைக்கத் தொடங்கிய பிறகுதான், இழுத்த மூச்சு மெதுவாக வெளியே போனது.

கூடவே ஒரு வாசனை. யூக்கலிப்டஸ் தைலம். இப்போதுதான் யாரோ நெஞ்சில் தேய்த்துக்கொண்டது போல.

ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். கால் வரவில்லை. மறுபடியும் மூச்சு உள்ளே இழுபட்டது. விசில் வந்தது.

"மிஸ்! உள்ளுக்கா இரிக்கீங்க? தேத்தண்ணி வந்திரிக்கி!"

வாசலில் இருந்து, கட்டடத்தை வாங்கியிருந்த ஹாஜியாரின் குரல். அதோடு சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இழுபட்ட அந்த மூச்சு வெளியே வரவேயில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

சுண்ணாம்பு நிலவு

இந்தத் தொடரில் இதுவரை நான் அளந்த வீடுகளைப் பற்றியும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் எழுதிவந்தேன். நான் படவரைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாடாவைப் பிடித்து, கோடு போட்டு, கட்டடங்களைக் காகிதத்தில் இறக்குவதே என் தொழில். பேய்க்கதை எழுதும் ஆசை எனக்கில்லை. இதை எழுதச் சொன்னவர் இந்தக் கதைக்கு உரியவரேதான். அவர் யார் என்று கொஞ்சத்தில் சொல்கிறேன்.

முதலில் கட்டடம்.

மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி சந்திரோதயா நின்றது. இரண்டாவது உலகயுத்தத்துக்கு முன்னர் கொப்பரா வியாபாரி ஒருவர் கட்டியது. கொழும்பில் எங்கோ பார்த்த நாடக மண்டபம் போல் தன் ஊரிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முகப்பு, படிப்படியாக மேலே ஒடுங்கிப் போகும். இரண்டு பக்கமும் கப்பலில் இருப்பது போல வட்டச் சன்னல்கள். உச்சியில் அலைகளுக்கு மேல் எழும்பும் அரை நிலவு. அந்த நிலவு முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. வாவியில் அள்ளிய மட்டிச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அதில் ஒரு பளபளப்பு இருக்கும். மழை நனைந்த நேரத்தில் பார்த்தால் உண்மையிலேயே ஒளி விடுவது போலத் தெரியும்.

சினிமா வருவதற்கு முன்னர் அது நாடகக் கொட்டகையாகத்தான் இருந்தது. இந்தியாவில் இருந்து கம்பனிகள் வந்து மாதக்கணக்கில் நாடகம் போட்டன. அந்த நாடகங்களில் பூதம் தரையைப் பிளந்துகொண்டு வர வேண்டும். அதற்காக மேடைக்குக் கீழே ஒரு குழி தோண்டி, கல்லால் கட்டியிருந்தார்கள். வாவியோரம் என்பதால் மாரி காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். அது வடிந்து போக வாவிக்கு ஒரு கான். குழிக்குக் காற்றுப் போக, மேடையின் முன்முகத்தில், தரையோடு தரையாக ஒரு மரத் தட்டிச் சன்னல்.

பேசும் படம் வந்ததும் மேடையின் முன்விளிம்பில் திரையைக் கட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால். மேடையின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் இருட்டுக்குள் போய்விட்டது. அங்கே யாருக்கும் வேலையில்லை.

பெண்களுக்குத் தனிப்பக்கம். இடுப்பளவு சுவர் ஒன்று நடுவில் ஓடும். பெண்கள் வருவதற்கு, பக்கத்துச் சந்தான ஒழுங்கையில் தனிவாசல். முன்வாங்கு, அதாவது முதல் வரிசைப் பெஞ்சு, திரைக்கு மிக அருகில். அங்கே இருந்தால் கழுத்து நோகும், முகங்கள் கோணலாகத் தெரியும். கடைசியாக வருபவர்கள்தான் வேறு வழியில்லாமல் அங்கே இருப்பார்கள். அந்தத் தட்டிச் சன்னல் இருந்தது அந்த முன்வாங்கின் காலடியில்.

பிற்காலத்தில் ஒரு சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. தகரம் போட்டார்கள். அறுவடை முடிந்ததும் கிரானில் இருந்தும் கரடியனாற்றில் இருந்தும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். நெல்லுத் தூசி மணக்க மணக்கப் படம் பார்ப்பார்கள். என் அம்மாவுக்கு அந்த மணம் பிடிக்காது. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டே அழுகைப் படங்களுக்கு அழுவார்.

இருமுகிற பேய்

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நாட்டு நிலைமை கெட்டுப்போயிருந்தது. ஊரடங்கு இல்லாத நாட்களில் பகல் காட்சி மட்டும் ஓடும்.

அந்த நாட்களில்தான் சந்திரோதயாவில் பேய் இருக்கிறது என்ற கதை பரவியது. முன்னொரு காலத்தில் பூத வேஷக்காரர் ஒருவர் குழிக்குள் காத்திருந்தபோது மாரித் தண்ணீர் ஏறி மூழ்கிச் செத்துப்போனாராம். படத்தில் பேச்சு நிற்கும் இடங்களில் அவர் இருமுவாராம்.

நானும் அந்த இருமலைக் கேட்டேன். கதாநாயகி சாகும் காட்சி. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. தியேட்டரே மூச்சடக்கி இருந்தது. திரைக்குள்ளே, சாகிறவளின் தலைமாட்டில், ஒரு ஆண் இருமல். வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல அமுங்கிய சத்தம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதே நேரத்தில், முன்வாங்கில் தனியாக இருந்த ஒரு பெண் சிரித்தார்.

சின்னச் சிரிப்புத்தான். பக்கத்தில் இருக்கிறவர் காதுக்குள் ஏதோ சொன்னால் வருகிற சிரிப்பு. அவர் பக்கத்திலோ யாரும் இல்லை.

"எமிலிக்குப் புத்தி பிசகிட்டு" என்றார் அம்மா, வீட்டுக்கு வரும் வழியில். "புருசனைக் காணல்ல எண்டு மாமியார் போட்டோவும் கையுமா அலையிறா. இவ ஒவ்வொரு வெள்ளியும் படத்துக்குப் போறா. அதுவும் முன்வாங்குல."

எமிலி மாமியை எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணவர் லூயிஸ், வயரிங் வேலை செய்கிறவர். ஒருநாள் சுற்றிவளைப்பில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடி நிறுத்தியிருந்த ஒருவன் லூயிஸைப் பார்த்துத் தலையாட்டினான் என்றும், லூயிஸ் அங்கிருந்து ஓடினார் என்றும், அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை என்றும் கதை. பிடிக்க வந்தது யார் என்று நான் எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் பிடிக்க வருகிறவர்கள் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வரவில்லை.

ஊர் எமிலி மாமியைக் கொஞ்சம் அருவருப்போடும் கொஞ்சம் பயத்தோடும் பார்த்தது. பிறகு தியேட்டர் மூடப்பட்டது. எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன்.

ஓர் அறை குறைகிறது

சில ஆண்டுகளுக்கு முன்னர் மஹ்ரூப் ஹாஜியார் சந்திரோதயாவை வாங்கினார். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர். தியேட்டரை இடித்து, அத்திவாரம் ஆழமாகத் தோண்டி, மாடிக்கடை கட்டப் போவதாகச் சொன்னார். இடிப்பதற்கு முதல் ஒருமுறை அளந்து படம் வரைந்து தர என்னைக் கூப்பிட்டார். பழைய வரைபடம் எதுவும் யாரிடமும் இல்லை.

மூச்சுச் சத்தம் கேட்ட அன்று பின்னேரம், நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மாரித் தண்ணீர், கான், காற்று என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வாவியில் காற்று அடிக்கும்போது கான் வழியாகக் குழிக்குள் காற்று போய் வரும். அதுதான் மூச்சு மாதிரிக் கேட்டிருக்கும். அந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அளவு சரிவரவில்லை.

வெளிச்சுவரை ஒழுங்கையில் இருந்து அளந்தேன். உள்ளே மண்டபத்தையும் மேடையையும் அளந்தேன். இரண்டையும் காகிதத்தில் போட்டால் நடுவில் ஓர் அறை அளவுக்கு இடம் மிஞ்சியது. திரும்ப அளந்தேன். மறுபடியும் அதே இடம்.

மேடையின் பின்சுவர் என்று நான் நினைத்தது பின்சுவர் இல்லை. யாரோ பிற்காலத்தில் மேடைக்குக் குறுக்கே எழுப்பிய சுவர். பழைய சுவர்கள் மட்டிச் சுண்ணாம்பு. இது சீமெந்துக் கல். பூச்சும் அவசரப் பூச்சு. முன்முகத்தில் இருந்த தட்டிச் சன்னலையும் அதே சீமெந்தால் அடைத்திருந்தார்கள்.

ஹாஜியாரிடம் காட்டினேன்.

"உள்ளுக்கு என்ன இரிக்கி மிஸ்?"

"தெரியா ஹாஜியார். ஒடைச்சுப் பார்த்தால்தான் தெரியும்."

"பொதையலா இரிந்தா எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி" என்று சிரித்தார். மேசன் ஒருவரை வரச் சொன்னார்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். நான் அளக்கப் போன நாட்களில் எல்லாம் ஒழுங்கைப் பக்கத்துப் பெண்கள் வாசலின் படியில் ஒரு வயதான பெண் குடையோடு இருந்தார். பிச்சை கேட்பவர் இல்லை. சுத்தமான வெள்ளைச் சேலை. யாரையோ கூட்டிப்போக வந்து காத்திருப்பவர் போல இருப்பார். முகத்தைக் குடை மறைத்திருந்ததால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் உடைக்கப் போவதை மேசனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"ஆள் இரிக்கி"

மேசன் வந்த காலை, நானும் ஹாஜியாரும் மேடையில் நின்றோம். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் லைட் ஒன்று எரிந்தது. மேசன் சுத்தியலை ஓங்கினார்.

"மெல்ல அடிங்க மனே."

குரல் கீழே இருந்து வந்தது. திரும்பிப் பார்த்தோம். பெண்கள் பக்கத்தில், வாங்குகள் எல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்ட வெறுந்தரையில், முன்வாங்கு இருந்த அதே இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பெண்கள் வாசலின் கதவு இறுகிப்போய்க் கிடந்தது. எப்படித் திறந்தார், இருட்டில் எப்படி இவ்வளவு தூரம் தடுக்காமல் வந்தார் என்று தெரியவில்லை.

"அம்மா, இஞ்ச இரிக்கப்படாது. கல்லு வந்து விழும்" என்றார் ஹாஜியார்.

"மெல்ல அடிங்க எண்டுதான் சொல்றன்" என்றார் அவர். "உள்ளுக்கு ஆள் இரிக்கி."

மேசன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு மேடையில் இருந்து குதித்து ஓடியே போனார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

நான் இறங்கிக் கிட்டப் போனேன். வெளிச்சத்தில் முகம் தெரிந்தது.

"எமிலி மாமி!"

"ஓம் புள்ள. நீ ஜெசிந்தா தானே? உன்ட அம்மா எனக்குப் பைத்தியம் எண்டு சொல்லிக்கிட்டு திரிஞ்சவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அன்று தியேட்டரில் கேட்ட அதே சின்னச் சிரிப்பு.

அவருடைய உடுப்பில் இருந்து யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது.

ஒரு மாரி

இதை எழுதச் சொன்னவர் எமிலி மாமிதான். அவர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தலையாட்டப்பட்ட அன்று லூயிஸ் ஓடி, வாவிக்குள் கண்டல் மரங்களுக்கு நடுவே கழுத்தளவு தண்ணீரில் நின்று, இருட்டியதும் சந்திரோதயாவின் பின்பக்கம் ஏறியிருக்கிறார். தியேட்டரில் படம் ஓட்டுகிற சின்னத்துரை அவருடைய சினேகிதர். ஒலிபெருக்கி பழுதானால் திருத்துவது லூயிஸ்தான். சின்னத்துரை அவரைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சாப்பாடு கொடுத்தார்.

லூயிஸுக்குச் சின்ன வயதில் இருந்தே முட்டு. மூச்சு இழுக்கும். ஈரமும் வெளவால் தூசியும் சேர்ந்ததும் அது கூடிவிட்டது. பாட்டும் சண்டையும் வரும்போது இருமித் தீர்த்துக்கொள்வார். அமைதியான காட்சிகளில் அடக்க முடியாமல் போகும். பூத வேஷக்காரர் கதையைக் கட்டிவிட்டவர் சின்னத்துரை. இருமல் கேட்டவர்கள் தேடிப் பார்க்காமல் பயந்துபோக வேண்டும் என்பதற்காக.

"எனக்கும் சின்னத்துரை அண்ணன்தான் வந்து சொன்னவர். முன்வாங்குல இருங்க எண்டு. நான் போய் இருந்தன். காலுக்குக் கீழ இருந்து, 'எமிலி' எண்டு ஒரு சத்தம். எனக்கு உசிர் போய் வந்துது."

வெள்ளிக்கிழமைகளில் எமிலி மாமி முன்வாங்கில் இருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தட்டிச் சன்னலோடு ஒட்டி வைத்துக்கொள்வார். லூயிஸ் குழிக்குள் இறங்கிவந்து, மரத்தட்டிகளுக்கு இடையில் விரலை நீட்டி அவருடைய கால்விரலைப் பிடித்துக்கொள்வார். பாட்டு ஓடும்போது பேசுவார்கள். சேலைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் தைலப் போத்தலை உள்ளே தள்ளிவிடுவார்.

"படத்தப் பத்தித்தான் கூடக் கதைப்பார். அவர் பின்பக்கத்தால பாக்கிறதால எல்லாம் இடவலமாத் தெரியும். எழுத்துக் கிறுகித் தெரியும். 'இந்தக் கதாநாயகன் எல்லாத்தையும் இடக்கையால சாப்பிடுறான், அவன நம்பாத' எம்பார். எனக்குச் சிரிப்ப அடக்க ஏலாது."

ஒரு மாரி முழுக்க இப்படிப் போயிருக்கிறது. வாவி வழியாகத் தோணியில் தெற்கே கொண்டுபோக ஓர் ஏற்பாடு ஆகியிருந்தது. மழை விட்டதும் போவதாக இருந்தது.

"அண்டைக்குப் பகிடிப் படம்" என்றார் எமிலி மாமி. "சனம் விழுந்து விழுந்து சிரிக்கிது. இவர் என்ட கால்விரலப் பிடிச்சிருந்தவர். மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குது. பொறகு கை இறுகிச்சு. பொறகு விட்டுட்டு. நான் குனிஞ்சு பேர் சொல்லிக் கூப்பிட்டன். சத்தமில்ல. காலால தட்டினன். சத்தமில்ல."

வெறுந்தரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"மாமி, நீங்க என்ன செய்தீங்க?"

"என்ன செய்யிற? எழும்பிக் கத்தினா எல்லாரும் பாப்பாங்க. சின்னத்துரை அண்ணனுக்கு மூணு பொம்புளப் புள்ளைகள். படம் முடியுமட்டும் இருந்தன். பக்கத்து வாங்குல இருந்தவ, 'நல்ல பகிடி என்னகா' எண்டு என்னக் கேட்டா. ஓம் எண்டன்."

அன்றே குழியில் அடக்கம் செய்துவிட்டார்கள். எமிலி மாமியும் சின்னத்துரையும் மட்டும். மேடை திருத்துவதாகச் சொல்லிக் கல்லடிக் கடற்கரை மணலை வண்டியில் கொண்டுவந்து குழியை நிரப்பினார்கள். பிறகு சின்னத்துரை சுவரை எழுப்பினார். தட்டிச் சன்னலையும் அடைத்தார்.

தியேட்டர் ஓடிய காலம் முழுக்க எமிலி மாமி வெள்ளிதோறும் அதே வாங்கில் வந்து இருந்தார். தியேட்டர் மூடிய பிறகு வாசற்படியில் இருந்தார்.

"மாமியாருக்குக்கூடவா சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா அவ அழுவா. வாய்விட்டு அழுவா. அந்த நேரம் அழுதா எங்க எண்டு கேக்க ஆள் வருவாங்க. சண்ட முடிஞ்ச பொறகு சொல்ல நெனச்சன். அதுக்குள்ள அவ அத்தின வருசம் போட்டோவத் தூக்கிக்கிட்டு வெயிலுக்குள்ள நிண்டுட்டா. இனி எந்த வாயால சொல்ற, முதல் நாளே எனக்குத் தெரியும் எண்டு? மறுகா அவ செத்தும் போயிட்டா." சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தார். "கடசி மட்டும் அவருக்கு ஒரு கோப்ப சோறு எடுத்து வச்சவ புள்ள. நான்தான் அதக் கழுவி வைக்கிறது."

ஹாஜியார்

ஹாஜியார் இவ்வளவு நேரமும் மேடை விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. பொலிசுக்குச் சொன்னால் வழக்கு, விசாரணை என்று கட்டட வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டு மேலே கொங்கிறீற் போட்டால் யாருக்கும் தெரியவராது. எமிலி மாமியின் பேச்சை யாரும் நம்பவும் மாட்டார்கள்.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார் அவர்.

"நீங்க ஆழமாத் தோண்டப் போறீங்களாம். மெசின் போட்டு. அவர் மெசின் சத்தத்துக்குப் பயந்த ஆள். மெல்ல எடுத்துத் தாங்க. அவ்வளவுதான்."

ஹாஜியார் தொப்பியைத் திருப்பி அணிந்துகொண்டார். "எங்கட ஊருலயும் மையித்து எங்க எண்டு தெரியாம இரிக்கிற ஆக்கள் இரிக்காங்க மிஸ். என்ட சாச்சா ஒராள். கபுறுக்கு மேல கட போட எனக்கு ஏலா" என்றார். அவரே பொலிசுக்குப் போன் செய்தார்.

மணல்

பொலிஸ் வந்தது. நீதிமன்ற உத்தரவு வந்தது. உத்தரவோடு வந்தவர்கள் சுவரை மெல்ல மெல்லப் பெயர்த்தார்கள். அளந்து குறிப்பெடுக்க நானும் கூட நிற்க அனுமதித்தார்கள்.

சுவருக்குப் பின்னால் மக்கிப்போன ஒரு பாய். ஒரு பீங்கான் கோப்பை. பெரிய ஒலிபெருக்கியின் கூம்பு, வாயைத் திறந்தபடி. குழி நிறைய மணல். வாவியோர மண்ணுக்கு நடுவில் அது கடல்மணல் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. சோகிச் சிப்பிகள் கிடந்து மினுங்கின.

குழியில் இருந்து வாவிக்குப் போகும் கானையும் தேடிப் பார்த்தேன். வாவிக்கரை ரோட்டுக்கு அணைச்சுவர் கட்டிய காலத்திலேயே அதன் வாயைக் கல்லாலும் சீமெந்தாலும் அடைத்துவிட்டார்கள். குழியின் பக்கமும் மணலால் இறுகியிருந்தது. ஒரு விரலுக்கு இடமில்லை. காற்று போய் வர வழியே கிடையாது.

எனக்குப் பிடித்திருந்த காரணம் அத்தோடு போய்விட்டது. வேறு காரணம் நான் தேடவில்லை.

எலும்புகளை எடுக்கும் நாளில் லூயிஸின் தம்பி அருள் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். தாயாரோடு சேர்ந்து போட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர்தான். இரத்த மாதிரி கொடுக்கக் கூப்பிட்டபோதுதான் அவருக்கு விடயமே தெரியவந்தது. குழியைப் பார்த்தார். பிறகு எமிலி மாமியைப் பார்த்தார்.

"அம்மாட்டயாவது சொல்லியிருக்கலாமே மச்சாள்."

எமிலி மாமி தலையைக் குனிந்துகொண்டார். அருள் வெளியே போய்விட்டார். போகும்போது வெறுந்தரையில் எதிலோ தடுக்கி, சுவரைப் பிடித்து நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் கிட்டப் போகவில்லை.

பரிசோதனை முடிவு வர மாதங்கள் ஆயின. அந்தக் காலம் முழுக்க எமிலி மாமி தியேட்டர்ப் பக்கம் வரவில்லை. வீட்டிலேயே இருந்தார். எங்கே போவது என்று தெரியவில்லை என்றார் என்னிடம்.

ஹாஜியார் கடையைக் கட்டினார். நிலவு முகப்பை இடிக்காமல் அதற்குப் பின்னால் கட்டினார். மேடை இருந்த இடத்தை மட்டும் கூரை போடாமல் விட்டிருக்கிறார். சுற்றிச் சுவர், மேலே வானம். கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் அங்கே போய் இருந்து சாப்பிடுவதில்லை.

பாலம்

முடிவு வந்ததும் நீதிமன்றம் எச்சங்களை எமிலி மாமியிடம் ஒப்படைத்தது. ஒரு சிறிய மரப்பெட்டி. வான் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். ஆட்டோவில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

எங்கே அடக்குவது என்ற கேள்விக்கு முதல்நாள்தான் பதில் வந்திருந்தது. கல்லடிச் சேமக்காலையில் லூயிஸின் தாயாருடைய கல்லறையைத் திறக்கச் சொல்லி அருள் ஆள் அனுப்பியிருந்தார். நேரில் வரவில்லை. பிறகு, சேமக்காலை வாசலில் அவர் எங்களுக்காகக் குடையோடு காத்து நின்றதைக் கண்டேன்.

ஆட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் வாவி விரிந்தது. கச்சான் காற்று சேலையை அள்ளியது. எமிலி மாமி பெட்டியின் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். முணுமுணுக்கவில்லை. காற்றையும் எஞ்சினையும் மேவிக்கொண்டு, பாலத்தில் எதிரே வந்த சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரத்துப் பேசினார்.

"பாலம் புதுசு! பழசு பக்கத்துல கிடக்கு, பாருங்க! தம்பிக்கு மூணு புள்ளைகள்! மூத்தவ டொக்டராகிட்டா!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "என்னோடயா அம்மா கதைக்கிறீங்க?"

"இல்ல மனே. என்ட ஆளோட."

அவர் வேகத்தைக் குறைத்தார்.

பாலம் முடியும் இடத்தில் எமிலி மாமியின் குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் தாழவில்லை.

"அம்மாக்குப் பக்கத்துலதான் வைக்கப் போறம்! என்னில கோவமாத்தான் இருப்பா. நீங்களே அவவுக்குச் சொல்லுங்க, எல்லாத்தையும். எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சு."